விலை மட்டும்தானா செய்தி?

ஆசிரியர் அவர்களுக்கு,

செல்வந்தர் ஒருவர் தமக்கென்று ஒரே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்வித்துக்கொண்ட செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். விலையைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அதைச் செய்த கைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது வருத்தமாக இருந்தது.

2006-இல் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஜேம்ஸ் கிளிக்கன்ஹாஸ், தம்முடைய என்ஸோ ஃபெராரி காரை இத்தாலியின் பினின்ஃபரினா என்ற கார் வடிவமைப்பு நிறுவனத்திடம் கொடுத்து, 1960-களின் பந்தயக் கார்களை நினைவூட்டும் பி 4/5 என்ற காரை உருவாக்கச் செய்தார். மேற்கூடு முழுக்கப் புதிது; கார்பன் ஃபைபர் என்ற கரி இழையால் ஆனது. அதைப் பூட்டிவைக்காமல் சாலையில் ஓட்டினார் என்பதால் அவர்மீது எனக்கு மதிப்பு அதிகம்.

இப்படி இழையால் கார் மேற்கூடு செய்வது நமக்கு எட்டாத வித்தை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். குளச்சல் பக்கம் ஃபைபர் படகு செய்கிறவர்களைப் பாருங்கள். அச்சில் கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசின் என்ற பிசினைப் பூசி, ஒரு காற்றுக் குமிழிகூடத் தங்காதபடி உருளையால் அழுத்தி அழுத்தித் தேய்க்கிறார்கள். கார் வேலையில் இழை வேறு, உயர் வெப்பமும் அழுத்தமும் கூடுதலாகச் சேரும், அடிப்படை இதுதான்.

கோணம் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் இந்த வேலைக்கென்றே முறையான பயிற்சி வேண்டும். படகுப் பட்டறைகளில் கைதேர்ந்தவர்களையே பயிற்றுநர்களாக அமர்த்த வேண்டும். சான்றிதழ் இல்லை என்று அவர்களைத் தள்ளக் கூடாது. மாவட்ட நிர்வாகத்தின் கவனத்துக்கு இதைத் தங்கள் நாளிதழ் கொண்டுசெல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், நாகர்கோவில்