ஞாயிறு நெடுந்தீவுப் பயணம்: வாசிச்சிட்டு வாங்கோ

காலை 6 மணிக்கு யாழ். பஸ் நிலையம். 8 மணிக்கு முன் குறிகட்டுவான் துறையில நிற்க வேணும். நயினாதீவுப் படகும் அங்கேயிருந்துதான் போகும். கூட்டத்தோட கூட்டமா அதில ஏறிடாதேங்கோ, கேட்டு ஏறுங்கோ.

படகு ஓட்டம் ஒரு மணித்தியாலமளவு. முன்பக்கம் தூக்கிப் போடும், பின்பக்கம் டீசல் மணம். சத்தி வாறவை நடுவில இருங்கோ. வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். சோழகம் (தென்மேற்குக் காத்து) இன்னும் எழும்பாததால கடல் அடங்கியிருக்கும். எண்டாலும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

ஆளுக்கு 3 லீற்றர் தண்ணி. தீவில பல கிணறுகள் உவர். தொப்பி, சில்லறைக் காசு வேணும்.

இறங்கினதும் முதல் வேலை, கடைசிப் படகு எத்தனை மணிக்கெண்டு துறையில கேக்கிறது. விட்டால் இரவு அங்கதான், பாலம் கிடையாது. பிறகு ஓட்டோ பேசிக் கோட்டை, பெருக்குமரம் (பாவோபாப் எண்ட பருத்த மரம்), காட்டுக் குதிரையள் மேயிற வெளி. பெருக்குமரப் பொந்துக்குள்ள ஆள் நிற்கலாம். வேலியெல்லாம் சாந்தில்லாமல் அடுக்கின பவளக்கல். கிட்டப் பார்த்தால் மூளை மடிப்பு மாதிரிக் கோடு தெரியும். ஏறினால் சரியும், பிள்ளையளைப் பாருங்கோ. குதிரையளுக்குத் தீனி குடுக்க வேண்டாம், உதைக்கும்.

வாறவை வெள்ளி இரவுக்குள்ள பெயரைப் போடுங்கோ.