மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் உள்ள குடும்பங்களைப் பாதிக்கும் குடிவரவு உடல்நல விதியைத் திருத்தக் கோரும் மனு

பெறுநர்:
மாண்புமிகு குடிவரவு அமைச்சர் அவர்கள்,
நாடாளுமன்ற மாளிகை, கான்பெரா.

அனுப்புநர்:
மெல்பேர்ன் மேற்குப் புறநகர்களில் வசிக்கும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் தமிழ்ப் பெற்றோர் சார்பில் ஒரு தாய்.

பொருள்: ஒரு குழந்தையின் மாற்றுத்திறனைக் காரணம் காட்டி முழுக் குடும்பத்துக்கும் நிரந்தர வதிவிட உரிமை மறுக்கப்படுவதை நிறுத்தக் கோருதல்.

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். நான் இந்நாட்டின் குடிமகள். என் மகனுக்கு ஆட்டிசம் உண்டு. நாங்கள் நிரந்தர வதிவிட உரிமை பெற்ற பிறகு இங்கே பிறந்ததால் அவன் பிறப்பிலேயே ஆஸ்திரேலியக் குடிமகன் ஆனான், என்.டி.ஐ.எஸ். எனப்படும் தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாக அவனுக்குப் பேச்சுப் பயிற்சியும் செயல்முறைச் சிகிச்சையும் கிடைத்தன; இன்று அவன் எங்கள் பகுதிப் பொதுப் பள்ளியில் படிக்கிறான். எங்களோடு கோயிலுக்கும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கும் வருகிற குடும்பங்களில் தற்காலிக வீசாவில் உள்ளவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடையே என் மகனைப் போன்ற குழந்தைகளும் இருக்கிறார்கள். என்.டி.ஐ.எஸ். குடிமக்களுக்கும் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்குமான திட்டம் என்பதால் அந்தப் பிள்ளைகளுக்கு அது கிடைப்பதில்லை. அதைவிடக் கொடுமை, என் மகனுக்கு உதவி பெற்றுத் தந்த அதே மருத்துவ அறிக்கை, அந்தப் பிள்ளைகளின் குடும்பங்களை நாட்டைவிட்டு அனுப்பும் ஆவணமாகிவிடக்கூடும் என்பது. ஒரே தேவையுள்ள இரண்டு குழந்தைகளை இவ்வாறு பிரிப்பது, அவர்கள் பிறந்தபோது பெற்றோரிடம் எந்த வீசா இருந்தது என்பது மட்டுமே. இது நியாயமில்லை என்பதால்தான் இம்மனுவை எழுதுகிறோம்.

1994-ஆம் ஆண்டின் குடிவரவு ஒழுங்குவிதிகளின்படி, விண்ணப்பதாரருக்கோ குடும்பத்தில் ஒருவருக்கோ ஆகக்கூடிய மருத்துவ, சமூகச் சேவைச் செலவு ‘குறிப்பிடத்தக்க செலவு’ என்ற வரம்பைத் தாண்டினால் உடல்நலத் தகுதி மறுக்கப்படுகிறது. 2024 ஜூலை 1 முதல் அந்த வரம்பு 51,000 டாலரிலிருந்து 86,000 டாலராக உயர்த்தப்பட்டதை நாங்கள் நன்றியுடன் வரவேற்றோம். அதனால் தப்பிய குடும்பங்கள் உண்டு. ஆயினும், நிரந்தர வீசா கோருபவருக்கு வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் நிலை இருந்தால் செலவு பத்து ஆண்டுகள் வரை கணக்கிடப்படுகிறது. பத்து ஆண்டுகளுக்கு 86,000 என்றால் ஆண்டுக்கு 8,600 டாலர்தான். தொடர்ந்து ஆதரவு தேவைப்படும் எந்தக் குழந்தையும் இந்த வரம்புக்குள் அடங்குவது கடினம். அந்தச் சேவைகளைக் குடும்பம் உண்மையில் பயன்படுத்துமா என்பதையும் விதி பார்ப்பதில்லை. அதே நிலையை அதே அளவில் உடைய ஒருவருக்கு என்ன செலவாகும் என்று கற்பனையாகவே மதிப்பிடச் சொல்கிறது. எல்லாச் செலவையும் தாங்களே ஏற்பதாகப் பெற்றோர் உறுதியளித்தாலும் மதிப்பீடு மாறாது. காமன்வெல்த் மருத்துவ அதிகாரியின் கருத்தைச் சரியானதாகவே ஏற்கவேண்டும் என்று ஒழுங்குவிதி கட்டளையிடுவதால், முடிவெடுக்கும் அலுவலர் மனமிரங்கினாலும் அதைத் தாண்டி எதுவும் செய்ய இயலாது.

குடும்பத்தில் ஒருவர் தகுதி பெறாவிட்டால் எவருக்கும் வீசா இல்லை என்பது இதன் அடுத்த படி. குழந்தையை யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ பாட்டி தாத்தாவிடம் விட்டுவிட்டு வந்தாலும் தீராது, ஏனெனில் உடன் வராத குழந்தையும் பொதுவாகச் சோதிக்கப்படுகிறது. (அப்படி விட்டுவிட்டு வரும்படி எந்தப் பெற்றோரையும் ஒரு சட்டம் தூண்டலாமா என்பது தனிக் கேள்வி.) துணைவர் வீசாவிலும் மனிதாபிமான வீசாவிலும் ஒழுங்குவிதிகளின் 4007-ஆம் உடல்நல நிபந்தனையின் கீழ் சூழ்நிலையை ஆராய்ந்து விலக்கு அளிக்க வழியுண்டு. தொழில்திறன் அடிப்படையிலான 189, 190 வீசாக்களுக்கோ 4005-ஆம் நிபந்தனை பொருந்துகிறது. அதில் விலக்கு என்பதே கிடையாது. எங்கள் சமூகத்தில் பலர் இந்த வீசாக்களின் வழியாகவே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள்.

இந்தக் கணக்கில் குழந்தையின் செலவு மட்டுமே எழுதப்படுகிறது என்பதே எங்கள் முதன்மையான குறை. தாய் முதியோர் இல்லத்தில் இரவுப் பணி செய்யும் தாதியாக இருக்கலாம், தந்தை பொறியாளராக இருக்கலாம், இருவரும் ஆண்டுக்கணக்கில் வரி செலுத்தியிருக்கலாம். அவற்றுக்கு அதில் இடமே இல்லை. 2008-இல் விக்டோரியாவின் ஹார்ஷம் நகரில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர் ஒருவரின் குடும்பத்துக்கு, மகனுக்கு டவுன் சின்ட்ரோம் இருந்ததால் நிரந்தர வதிவிடம் மறுக்கப்பட்டதும், ஊர்மக்கள் திரண்டு குரல் கொடுத்தபின் அன்றைய அமைச்சர் தலையிட்டு வீசா வழங்கியதும் தங்கள் துறை நன்கறிந்தவை. அதன்பின், 2010-இல் நாடாளுமன்றத்தின் குடிவரவுக் கூட்டுக்குழு, குடும்பத்தின் பொருளாதார, சமூகப் பங்களிப்பையும் மதிப்பீட்டில் சேர்க்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. ஊரே திரண்டு பேசும் அளவுக்கு அறியப்பட்ட மருத்துவருக்குக் கிடைத்த நீதி, ஊருக்குப் புதிதாக வந்த பராமரிப்புப் பணியாளருக்கும் கிடைக்கவேண்டும் அல்லவா?

அமைச்சர் அவர்களே, தங்கள் அலுவலகக் கோப்புகளில் தெரியாத ஒரு பாதிப்பைச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளை இரண்டு வயதாகியும் பேசவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை என்று எங்களிடம் மெல்லச் சொல்லும் தாய்மார், மருத்துவரிடம் போக அஞ்சுகிறார்கள். நோயறிதல் எழுத்தில் வந்துவிட்டால் வீசா போய்விடும் என்ற அச்சம் அது. நிரந்தர வதிவிடம் கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு ஆரம்ப ஆண்டுகளில் கிடைக்கும் பயிற்சி எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு தாயாக நான் அறிவேன். அந்த ஆண்டுகள் திரும்பி வருவதில்லை. அந்தத் தாய்மாரை நான் குறைசொல்ல மாட்டேன். செலவைக் குறைக்கவென்று எழுதப்பட்ட விதி, சிகிச்சையைத் தள்ளிப்போட வைத்து, பின்னாளில் அக்குழந்தையின் தேவையை அதிகரிக்கவே செய்கிறது.

வீசா மறுக்கப்பட்ட குடும்பம் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் அதற்கான கட்டணமே 3,000 டாலருக்கு மேல். விலக்கு அளிக்க இடமில்லாத வீசாவில் அந்தத் தீர்ப்பாயத்தாலும் விலக்கு அளிக்க முடியாது என்பதை அறிந்தே, அங்கு தோற்றால்தான் தங்கள் தலையீட்டைக் கேட்கலாம் என்பதற்காகவே, பல குடும்பங்கள் அப்பணத்தைக் கட்டுகின்றன. தலையிடுவதா இல்லையா என்பது முற்றிலும் தங்கள் விருப்பத்துக்கு உரியது. சட்டம் தங்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. இவ்வளவு காலமும் குழந்தையின் பள்ளியும் பெற்றோரின் வேலையும் நிச்சயமின்றித் தொங்குகின்றன.

1992-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் பாகுபாட்டுத் தடைச் சட்டம் இந்நாட்டின் பெருமைக்குரிய சட்டங்களில் ஒன்று. அதன் 52-ஆம் பிரிவு மட்டும் குடிவரவுச் சட்டத்துக்கு விலக்குத் தருகிறது. 2008-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றபோதும், இந்த உடல்நல விதியைக் காக்கும் விளக்க அறிக்கையோடுதான் ஆஸ்திரேலியா ஏற்றது. 2023 செப்டம்பரில் இறுதி அறிக்கை தந்த மாற்றுத்திறனாளிகளுக்கான அரச ஆணைக்குழு, அந்த 52-ஆம் பிரிவை மீளாய்வு செய்யுமாறு பரிந்துரைத்திருக்கிறது. கனடா 2018-இல் தன் செலவு வரம்பை மும்மடங்காக்கியதோடு, சிறப்புக் கல்விச் செலவையும் கணக்கிலிருந்து நீக்கியது.

ஆகவே, குழந்தையின் மாற்றுத்திறனைக் காரணமாக்கி முழுக் குடும்பத்தையும் மறுக்கும் நிலையை நீக்குமாறு முதலாவதாகக் கோருகிறோம். அதற்குச் சட்டத்திருத்தம் தேவைப்பட்டுக் காலம் பிடிக்குமானால், அதுவரை 189, 190 உட்பட எல்லா நிரந்தர வீசாக்களுக்கும் 4007-ஆம் நிபந்தனையைப் பொருத்துங்கள். ஒழுங்குவிதித் திருத்தமே இதற்குப் போதும் என்பதால் இது தங்கள் கைக்கெட்டிய தூரத்தில் உள்ளது. விலக்கை ஆராயும்போது பெற்றோரின் உழைப்பும் இந்நாட்டில் அவர்கள் ஊன்றிய வேரும் கணக்கில் வரட்டும். குழந்தையின் கல்விக்காகும் செலவு எந்நாளும் சுமையாகக் கணக்கிடப்படாது என்பதும், இங்கேயே பிறந்து வளரும் குழந்தை செலவைக் காரணமாகக் காட்டி மறுக்கப்படாது என்பதும், துறையின் வழிகாட்டுதல்களை நம்பியிராமல் ஒழுங்குவிதியிலேயே எழுதப்படவேண்டும். இங்கே பிறந்து பத்து வயது வரை இங்கேயே வளர்ந்த குழந்தையை நம் குடியுரிமைச் சட்டம் குடிமகனாக ஏற்கிறது. அந்தப் பத்தாவது பிறந்தநாளுக்கு முன் மாற்றுத்திறனைக் காரணம் காட்டி அக்குழந்தையை அனுப்பிவிடுவது அச்சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது. 52-ஆம் பிரிவின் மீளாய்வை எப்போது தொடங்கி எப்போது முடிப்பீர்கள் என்பதையும் நாள் குறித்து அறிவிக்குமாறு வேண்டுகிறோம். இப்போது முடிவுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களை, இம்மாற்றங்கள் நடைமுறைக்கு வரும்வரை நாட்டைவிட்டு அனுப்பாதிருக்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இம்மனுவின் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பை இணைத்துள்ளோம். தங்களை நேரில் சந்தித்து விளக்க, தற்காலிக வீசாவில் உள்ள பெற்றோர் சிலரும் எங்களோடு வர விரும்புகிறார்கள். தம் பெயர் வெளியானால் விண்ணப்பம் பாதிக்கப்படுமோ என்று அவர்கள் அஞ்சுவதால், அச்சந்திப்பில் அவர்கள் சொல்வது எதுவும் அவர்களது விண்ணப்பத்துக்கு எதிராகப் பயன்படாது என்ற எழுத்துமூல உறுதியுடன் ஒரு நாளை ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் தமிழ்ப் பெற்றோர் சார்பில்,
மெல்பேர்ன்.