சென்னைக்கு ஓர் ஐஸ் ரிங்க் வேண்டி விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஃபிகர் ஸ்கேட்டிங் பயிலும் மாணவியின் தந்தை,
காசிமேடு, சென்னை.
(பெயர், முகவரி, கைபேசி எண் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்:
உயர்திரு உறுப்பினர் செயலர் அவர்கள்,
தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்,
ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம்,
பெரியமேடு, சென்னை – 600 003.

பொருள்: விளையாட்டு – ஐஸ் ஸ்கேட்டிங் – சென்னையில் போட்டி அளவிலான ஐஸ் ரிங்க் அமைக்கவும், அதுவரை ஃபிகர் ஸ்கேட்டிங் பயிலும் பிள்ளைகளுக்குப் பயிற்சி உதவி வழங்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஐஸ் கம்பெனியில் நான் கம்ப்ரசர் மெக்கானிக்காக வேலை பார்க்கிறேன். என் மகளுக்கு 12 வயது. ஐஸ் தளத்தில் (ரிங்க்) சறுக்கியபடி தாவியும் சுழன்றும் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் பயில்கிறாள். ஊருக்கே ஐஸ் போடுகிறவன் மகளுக்குச் சறுக்க ஐஸ் இல்லையா என்று எங்கள் தெருவில் கேலி பேசி ஓய்ந்துவிட்டார்கள். அந்தக் கேலியில் உள்ள நியாயத்தைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவரவே இந்த மனு.

மகள் சக்கர ஸ்கேட்டில்தான் தொடங்கினாள். ராயபுரம் பக்கம் ஒரு பூங்காவின் சிமெண்ட் தளத்தில் மாலை வகுப்பு. மற்றப் பிள்ளைகள் வேகத்துக்கு ஆசைப்பட்டபோது இவள் ஒற்றைக் காலில் வளைவு போடுவதிலும் சுழல்வதிலும் நின்றாள். அவளுடைய பயிற்சியாளர் அந்தக் காலத்தில் ரோலரில், அதாவது சக்கர ஸ்கேட்டில், ஆர்டிஸ்டிக் என்னும் கலைநயப் பிரிவு ஆடியவர். "இந்தப் பெண்ணின் கால் ஐஸுக்கு உரியது" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டப்பட்டு ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்த டேராடூன் ஐஸ் ரிங்க் 2025-இல் மறுபடி இயங்கத் தொடங்கியதும், பள்ளி விடுமுறையில் அங்கே அழைத்துப் போனேன்.

முதல் சில நாட்கள் விழுந்துகொண்டே இருந்தாள். சக்கரத்தில் பழகிய கால் முன்பாரம் கொடுக்கும். ஐஸ் ஸ்கேட்டின் கத்தி நுனியிலோ பல் இருக்கிறது. அது ஐஸில் மாட்டினால் முகம் குப்புற விழவேண்டியதுதான். பிறகு கால் பிடிபட்டது. சால்கோ, டோ லூப், லூப், ஃபிளிப், லட்ஸ் என ஒற்றைச் சுற்றுத் தாவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆக்ஸல் என்ற தாவல் மட்டும் முன்னோக்கிக் கிளம்பிப் பின்னோக்கி இறங்குவது. அதனால் ஒற்றை ஆக்ஸலுக்கே ஒன்றரைச் சுற்று. அதையும் இறக்கிக் காட்டினாள். அங்கிருந்த பயிற்சியாளர் கைதட்டவில்லை. குனிந்து, அவள் இறங்கிய இடத்தில் ஐஸில் விழுந்திருந்த கீறலைப் பார்த்தார். கீறலின் தொடக்கத்தில் கொக்கிபோல ஒரு சின்ன வளைவு இருந்தது. காற்றில் முடியவேண்டிய சுற்று தரையில் முடிந்திருக்கிறது என்று அதற்குப் பொருளாம். இன்றைய மதிப்பெண் முறையில் கால் சுற்றுக்கு மேல் குறைந்தால் மதிப்பெண்ணில் வெட்டு. அரைச் சுற்று குறைந்தால் டபுள் (இரட்டைச் சுற்று) என்று தாவியதுகூடச் சிங்கிள் கணக்கில் போய்விடும். மறுநாள் மாலை அந்தக் கொக்கி இல்லாமல் ஒரு கீறல் விழுந்தது. என் மகள் அதைக் கைபேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறாள்.

விடுமுறை முடிந்து சென்னை திரும்பினோம். அடுத்த முறை டேராடூன் போனபோது ஆக்ஸல் காணாமல் போயிருந்தது. சிமெண்டில் சக்கரத்தோடு எவ்வளவு தாவினாலும், கத்தியின் வெளி விளிம்பில் இறங்கி அந்த வளைவிலேயே நழுவிப் போகும் பழக்கம் ஐஸில்தான் வரும். ஐஸை விட்டால் போய்விடும். சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி டெல்லி போய், அங்கே வண்டி மாறி டேராடூன் சேர்ந்து, விட்டுப் போனதைத் திரும்பப் பிடிப்பதற்குள் விடுமுறை முடிந்துவிடுகிறது. புதிதாகக் கற்க நாளே மிஞ்சுவதில்லை.

இதில் வயதுக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின் விதிப்படி 13 வயது நிரம்பினால் ஜூனியர் போட்டிகளுக்குப் போகலாம். சீனியருக்கான குறைந்தபட்ச வயதை 2022-இல் எடுத்த முடிவின்படி 15-இலிருந்து 17-ஆக உயர்த்திவிட்டார்கள். பிஞ்சு வயதில் உடம்பை வருத்தக்கூடாது என்பதற்காக வந்த நல்ல விதி அது. எங்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும் தருகிறது. ஆனால் டபுள், டிரிபிள் தாவல்களுக்கான அடித்தளம் விழுவது இந்த வயதில்தான். உடம்பு வளர்ந்து எடையும் உயரமும் மாறிய பிறகு முதன்முதலாகக் கற்பது மிகக் கடினம் என்று பயிற்சியாளர்கள் ஒரே குரலில் சொல்கிறார்கள். ஆறேழு ஆண்டு கழித்து வரும் ரிங்க் என் மகளுக்கு உதவாது. அது தெரிந்தேதான் கேட்கிறேன். அவளுக்குப் பின்னால் அதே பூங்காவில் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்.

இந்த விளையாட்டில் இந்தியாவின் பெயரை இன்று முன்னே கொண்டுபோகிறவர் தாரா பிரசாத். தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட பெற்றோரின் மகள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்து, அங்கே ஸ்கேட்டிங் கற்று, பிறகு இந்தியாவுக்காக ஆட வந்தார். தேசிய சாம்பியன் ஆனார். ஐரோப்பா அல்லாத கண்டங்களின் நாடுகளுக்கான நான்கு கண்டங்கள் சாம்பியன்ஷிப்பில் ஆடினார். 2025-இல் சீனாவின் ஹார்பினில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டில் 8-வது இடம் பிடித்தார். அவரை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. கூடவே ஒரு கேள்வியும் எழுகிறது: அந்தப் பெற்றோர் தமிழ்நாட்டிலேயே இருந்திருந்தால் அந்தக் கால்களுக்கு என்ன வேலை இருந்திருக்கும்?

"சென்னை வெயிலில் ஐஸ் ரிங்க்கா?" என்று ஓர் அலுவலகத்தில் என்னிடம் கேட்டார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்று நினைக்கிறேன். எங்கள் கம்பெனியில் உப்புத் தண்ணீர்த் தொட்டியை மைனஸ் 10 டிகிரி வாக்கில் குளிரவைத்து, தண்ணீர் நிரப்பிய தகர டப்பாக்களை அதில் இறக்குகிறோம். கத்திரி வெயிலிலும் ஐஸ் பார் வந்துகொண்டுதான் இருக்கிறது. வராவிட்டால் விசைப்படகு கடலுக்குப் போகாது. ரிங்க் என்பதும் இதே வேலைதான். குளிர்ந்த உப்புக் கரைசலோ, கிளைகால் என்ற எளிதில் உறையாத திரவமோ கான்கிரீட்டுக்குள் பதித்த குழாய்களில் ஓடுகிறது. மேலே 3 அல்லது 4 சென்டிமீட்டர் கனத்துக்கு ஐஸ். ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு மேற்பரப்பு மைனஸ் 3, 4 டிகிரி இருந்தால் போதும். ஐஸ் ஹாக்கிக்கு அதைவிட ஒன்றிரண்டு டிகிரி குறைப்பார்கள். அதிகம் இறுகினால் ஐஸ் சில்லுச் சில்லாகப் பெயரும், கத்தி விளிம்பு பிடிக்காது.

உண்மையில் சென்னையில் கவலைப்பட வேண்டியது வெயிலைப் பற்றி அல்ல, கடற்காற்றின் ஈரத்தைப் பற்றி. ஈரக்காற்று உள்ளே புகுந்தால் ரிங்குக்குள் மூடுபனி கட்டும். கூரையில் நீர் கோத்துக் கீழே சொட்டும். சொட்டு விழுந்த இடமெல்லாம் ஐஸ் முண்டு முண்டாக எழும்பி, அதில் கால் பட்ட பிள்ளை விழுவாள். எனவே ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் காற்றுப் புகாத கட்டடமும் முதல் நாளிலிருந்தே வேண்டும். ஆண்டு முழுதும் ஓடும் ரிங்க் என்றால் அடியில் மண் உறைந்து தளத்தைத் தூக்கிவிடாமல் இன்சுலேஷனும் லேசான சூடும் கொடுக்க வேண்டும். இவை புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய சங்கதிகள் அல்ல.

தண்ணீரைப் பற்றியும் கேட்பார்கள். முழு அளவு ரிங்க் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 3 சென்டிமீட்டர் கனத்துக்கு 54,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஐந்து நடைக்கும் குறைவு. அதன்பின் மேல்தோலைச் சீவி வெந்நீர் விடும் வண்டிக்கு ஒவ்வொரு முறையும் சில நூறு லிட்டர் போதும். சீவிய ஐஸை உருக்கித் திரும்பப் பயன்படுத்தலாம். அந்த வெந்நீரைக்கூடக் கம்ப்ரசர் வெளியே தள்ளும் சூட்டிலேயே காய்ச்சிக்கொள்ளலாம். மின்கட்டணம்தான் பெரிய செலவு, அதை மறைக்க விரும்பவில்லை. டேராடூன் ரிங்க் அத்தனை காலம் பூட்டிக் கிடந்ததும் கட்ட முடியாததால் அல்ல, கட்டியதை நடத்தும் செலவுக்கு வழி செய்யாததால்தான். ஆகவே ரிங்க் கட்டும் நிதியோடு அதை நடத்தும் நிதியும் ஒரே ஆணையில் வர வேண்டும். கூரையில் சோலார் தகடு போடுவதோடு, ஞாயிற்றுக்கிழமையும் மே மாதமும் பொதுமக்களுக்கு டிக்கெட் போட்டு விட்டால் செலவில் ஒரு பங்கு திரும்பும். அக்னி நட்சத்திரத்தில் சென்னைக்காரர் குளிருக்காக எவ்வளவு தூரம் வரிசையில் நிற்பார் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வெப்ப நாடுகள் இதைச் செய்து காட்டிவிட்டன. பிலிப்பைன்ஸின் மைக்கேல் கிறிஸ்டியன் மார்ட்டினெஸ் மணிலாப் பகுதி வணிக வளாகத்தின் ரிங்கில் சறுக்கக் கற்றவர், ஆஸ்துமா வேறு. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்குப் போய் 19-வது இடம் பெற்றார். மலேசியாவின் ஜூலியன் யீ சன்வே பிரமிட் வளாகத்து ரிங்கிலிருந்து புறப்பட்டு, 2017 தென்கிழக்காசிய விளையாட்டில் தங்கம் வென்று, 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் ஆடினார். குளிர்கால ஒலிம்பிக்கில் கால் வைத்த முதல் மலேசியர்களில் அவர் ஒருவர். கோலாலம்பூர் நம்மைவிடக் குளிர்ந்த ஊர் ஒன்றும் இல்லை. சக்கரத்திலிருந்து ஐஸுக்குப் போன பாதைக்கும் சான்று உண்டு: 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 500 மீட்டர் வேகச் சறுக்கில் தங்கம் வென்ற எரின் ஜாக்சன், வெயில் கொளுத்தும் ஃபுளோரிடாவில் இன்லைன் ஸ்கேட்டில் வளர்ந்தவர். சக்கரத்தில் நமக்கு ஆள் இல்லையா? 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலக வேகச் சறுக்குப் போட்டியில் 1,000 மீட்டரில் தங்கம் வென்ற ஆனந்த்குமார் வேல்குமார் நம் சென்னைப் பிள்ளைதானே.

இனி என் கோரிக்கைகள். செம்மஞ்சேரியில் அமைக்க அரசு அறிவித்துள்ள உலகளாவிய விளையாட்டு நகரத்தில் 60-க்கு 30 மீட்டர் ஐஸ் ரிங்க் ஒன்றைச் சேர்க்க வேண்டுகிறேன். உடனே முடியாது என்றால், உள்ளரங்கம் ஒன்றில் அதற்கான இடம், தாழ்வாக விட்ட தளம், மின் இணைப்புத் திறன், கம்ப்ரசர் அறை ஆகியவற்றை மட்டுமாவது வரைபடத்திலேயே ஒதுக்கி வைக்க வேண்டும். கட்டி முடித்த அரங்கை உடைத்துக் குழாய் பதிப்பது இரட்டைச் செலவு என்பதை எந்தக் குளிர்பதன மெக்கானிக்கும் சொல்வான். ரிங்க் வந்தால் ஃபிகர் ஸ்கேட்டிங்கோடு ஷார்ட் டிராக் (குறுஞ்சுற்று வேகச் சறுக்கு), ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களும் அதைப் பங்கிட்டுக்கொள்வார்கள்.

அதுவரை பிள்ளைகளைச் சும்மா விட முடியாது. ஆணையத்தின் உள்ளரங்கம் ஒன்றில் மரத்தளமும், தாவும்போது இடுப்பில் கட்டித் தாங்கும் கயிறும் கப்பியும், காலை ஒரு மணி நேரமும் ஒதுக்கித் தந்தால் தாவலின் சுற்றையாவது தரையில் காப்பாற்றிக்கொள்வார்கள். தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை வழியாக வெளிமாநில ரிங்க் கட்டணத்துக்கும் ரயில் செலவுக்கும் உதவி கிடைக்க ஆவன செய்ய வேண்டும். நான் விண்ணப்பத்தோடு போன இடத்தில் "பட்டியலில் இல்லாத விளையாட்டு" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஒலிம்பிக்கில் 1908 முதல் இருக்கும் விளையாட்டை எந்தப் பட்டியலில் தேடினார்களோ தெரியவில்லை. ஐஸ் ஸ்கேட்டிங்கையும் உதவிக்குரிய விளையாட்டாகத் தெளிவுபடுத்தி ஒரு சுற்றறிக்கை வந்தால், பயிற்சிக்குப் போகும் நாட்களைப் பள்ளி வருகைப் பதிவில் கழிக்காமல் இருக்கவும் அதுவே துணையாகும்.

இன்னொன்று சின்ன விஷயம்தான், ஆனால் பெரிய தொந்தரவு. ஸ்கேட் கத்தியின் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நடுவே பள்ளமும் இரு ஓரங்களிலும் இரண்டு விளிம்புகளும் இருக்கும். எங்கள் தெருவில் சாணை பிடிப்பவர் நல்ல தொழில்காரர். அவரே கத்தியைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "இதைத் தொட்டால் கெடுத்துவிடுவேன்" என்று திருப்பிக் கொடுத்தார். அதற்கென உள்ள தீட்டும் இயந்திரம் ஒன்றை ஆணையம் வாங்கி வைத்தால், இயக்கக் கற்றுக்கொண்டு ஊதியம் இல்லாமல் பிள்ளைகளுக்குத் தீட்டித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

ரிங்க் குறித்துத் தொழில்நுட்ப ஆய்வு எதுவும் நடக்குமானால் கம்ப்ரசர், குழாய், ஈரக் கட்டுப்பாடு பற்றி எனக்குத் தெரிந்ததை நேரில் வந்து சொல்வேன். எனக்கு இரவு வேலை என்பதால் காலை 10 மணிக்கு மேல் எந்த நாள் அழைத்தாலும் வர முடியும். மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: மகளின் வயதுச் சான்று நகல், டேராடூன் பயிற்சிக் கட்டண ரசீதுகளின் நகல், பயிற்சியாளரின் பரிந்துரைக் கடிதம், அதே பூங்காவில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் ஒப்பமிட்ட தாள்.