செயலாளரின் ஆண்டறிக்கை: 2021 ஏப்ரல் – 2022 மார்ச்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, ஓய்வூதியப் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கொரோனா இரண்டாம் அலையில் நாம் இழந்த தோழர்களின் குடும்பங்களுக்கு இப்பேரவையின் சார்பில் ஆழ்ந்த இரங்கல். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

கும்பகோணம் வட்டாரத்தில் தமிழக அரசு ஊழியர்களான நம்மில் இந்த ஆண்டு இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு, விலைவாசிக்கு ஈடாகத் தரப்படும் அகவிலைப்படிதான். 2020 ஏப்ரலில் மத்திய அரசு அதன் உயர்வை நிறுத்தியது. தமிழக அரசும் நிறுத்தியது. மூன்று தவணை, மொத்தம் 11 விழுக்காடு, போனது. மத்திய அரசு 2021 ஜூலையிலிருந்து 17 விழுக்காட்டை 31 ஆக்கியது. நமக்கு அது 2022 ஜனவரி 1 முதல்தான். முதலில் ஏப்ரல் என்றார்கள். மூன்று மாதம் முன்னுக்கு வந்ததில் சங்கங்களின் குரலுக்கும் பங்கு உண்டு. அரியர் கிடையாது. அடிப்படை ஊதியம் 30,000 ரூபாய் வாங்குபவர் 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரையான பதினெட்டு மாதத்தில் விட்டது 39,600 ரூபாய். இது தபால் நிலையத்தில் இருக்கும் மத்திய அரசு ஊழியருக்கும் போனதுதான். அடுத்த ஆறு மாதத் தாமதத்தில் நமக்கு மட்டும் போனது 25,200. டெல்டாவில் நம் ஆட்கள் பலர் அரை விவசாயிகள்; குறுவைக்கு யூரியா வாங்க வைத்திருந்த பணம் அது.

ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணம் பெறும் சரண்டர் இரண்டாம் ஆண்டாகவும் மூடியே கிடக்கிறது. ‘லீவு எங்கே போகிறது, கணக்கில்தானே இருக்கிறது’ என்று சொல்கிறார்கள். பணியில் புதிதாகச் சேர்ந்தவருக்கு அது சரி. ஈட்டிய விடுப்பு 240 நாளுக்கு மேல் சேராது. அந்த வரம்பைத் தொட்டுவிட்ட மூத்தவர்களுக்கு இது ஒத்திவைப்பு அல்ல, நட்டம்.

இப்போது சொல்லப்போவதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஓய்வு வயதை 2020இல் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தியதால் 58இல் போக வேண்டியவர்கள் இன்னும் மேசையில் இருக்கிறார்கள். வருகிற 2022 மே 31தான் அவர்களில் முதல் அணி இறங்கும் நாள். ஓய்வு பெறும்போது தரும் மொத்தத் தொகையான பணிக்கொடையைக் கொடுக்கும் சுமை அரசுக்குத் தள்ளிப்போனது. தேர்வு எழுதிக் காத்திருக்கும் நம் பிள்ளைகளின் வேலையும் கூடவே தள்ளிப்போனது. ஆனால் அடிப்படைப் பணியாளர்களுக்கு முன்பே 60தான். அலுவலக உதவியாளரும் இரவுக் காவலரும் வழக்கம்போல், அகவிலைப்படி முடங்கிக் கிடந்த அதே மாதங்களில் ஓய்வு பெற்றார்கள். சென்ற ஆண்டு மார்ச்சில் 33 ஆண்டு பணி முடித்து, 30,000 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் போனவருக்கு 17க்குப் பதில் 28 விழுக்காடு வைத்துக் கணக்கிட்டால் பணிக்கொடையில் 54,450 ரூபாயும், 240 நாள் விடுப்புச் சம்பளத்தில் 26,400 ரூபாயும் கூடும். மத்திய அரசு 2021 செப்டம்பரில் தன் ஊழியர்களுக்கு அப்படித்தான் கணக்கிடச் சொன்னது. அகவிலைப்படியை நிறுத்திய உத்தரவு எல்லாருக்கும் ஒன்றுதான். ஆழமாக வெட்டியது கடைநிலையில் இருப்பவரை.

போனஸிலும் இதே கதை. பொதுத்துறை நிறுவனங்களின் சி, டி பிரிவினருக்கு 20 விழுக்காடாக இருந்தது 2020 தீபாவளியில் 10 ஆனது, 2021லும் அதுவே. 16,800 வாங்கிய கையில் 8,400. போக்குவரத்துத் தோழர்களின் ஊதிய ஒப்பந்தம் 2019 ஆகஸ்டிலேயே முடிந்தும் அடுத்தது கையெழுத்தாகவில்லை. போக்குவரத்து ஓய்வூதியர்களுக்கோ 2015இலிருந்தே அகவிலைப்படி உயரவில்லை. கொரோனாவுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. மருத்துவர்களுக்கு 30,000, செவிலியர்களுக்கு 20,000 என்று ஊக்கத்தொகை அறிவித்ததும் இதே நெருக்கடியில்தான். அதை மனதார வரவேற்றோம். ஆக, கஜானா காலியான காலத்திலும் யாருக்குக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்க முடிகிறது.

ஆகஸ்டில் தமிழக அரசின் நிதிநிலை பற்றிய வெள்ளை அறிக்கை வந்து, குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்றதும் டீக்கடைகளில் நம்மைத்தான் கேட்டார்கள்: “மாசம் பொறந்தா சம்பளம். உங்களுக்கு என்னய்யா குறை?” நடவு வேலை இல்லாமல் நின்ற ஆட்கள் கேட்டால் தலைகுனிந்துதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அகவிலைப்படி உயர்வை நிறுத்தியதற்காக நாம் தெருவில் இறங்கவில்லை; அந்த முடிவு சரி என்றே இன்றும் கருதுகிறேன்.

வேலைநிறுத்தம் வேண்டும் என்று செயற்குழுவில் இளைய தோழர்கள் கேட்டார்கள். 2003 ஜூலையில் ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டதையும், அடுத்த மாதமே வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னதையும் பெரியவர்கள் எடுத்துச் சொல்ல, மனு கொடுப்பதோடு முடித்தோம். இளையவர்களுக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

மார்ச் 30இல் மத்திய அரசு அகவிலைப்படியை 34 ஆக்கிவிட்டது. மறுபடியும் மூன்று விழுக்காடு பின்தங்கிவிட்டோம். முடக்கக் காலத்தில் ஓய்வு பெற்றவர்களின் பணிக்கொடையை மறுகணக்கிடக் கோருவதை முதல் தீர்மானமாக வைக்கிறோம். சரண்டரும் போனஸும் அதற்குப் பிறகுதான். அக்காலத்தில் ஓய்வு பெற்றவர்கள் பணிப்பதிவேட்டின் கடைசிப் பக்கங்களின் நகலைக் கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரிடம் கொடுத்துச் செல்லவும்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

தோழமையுடன்,
செயலாளர்