முதல் பக்கத்திலேயே முழு விலையைச் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகை வந்தால் ஆம்னி பஸ் கட்டணம் ஏறிவிட்டதாக உங்கள் நாளிதழில் வருஷா வருஷம் செய்தி வருகிறது. அதிகாரிகள் சோதனை, அபராதம் என்று படமும் போடுகிறீர்கள். போட வேண்டியதுதான். ஆனால் ஆம்னி பஸ்காரர் 1,800 ரூபாய் என்றால், உட்காரும் சீட்டும் டிக்கியில் போடும் பெட்டியும் அதிலேயே அடக்கம். மலிவு விலை விமானங்களில் அந்த அளவு நேர்மைகூட இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ டிக்கெட் தேடினால் முதலில் ஒரு விலை காட்டுகிறது. பரவாயில்லையே என்று உள்ளே போனால் அடுத்து சீட் படம். ஜன்னல் ஓரத்துக்கு ஒரு விலை, கால் நீட்ட இடமுள்ள வரிசைக்கு இன்னொரு விலை, இரண்டு பேருக்கு நடுவில் ஒடுங்கி உட்காரும் சீட்டுக்கும் ஒரு விலை. காசு கொடுக்காமல் இதைத் தாண்டிப் போகவும் வழி உண்டு. அது ஏதாவது ஒரு மூலையில் வெளிறிய எழுத்தில் இருக்கும். அப்புறம் சாப்பாடு, முதலில் ஏறுவதற்கு, பெட்டி முதலில் வருவதற்கு, இன்ஷூரன்ஸ். எல்லாவற்றையும் வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தால் கடைசிப் பக்கத்தில், ஆன்லைனில் பணம் கட்டுவதற்கென்றே ஒரு ‘வசதிக் கட்டணம்’ நிற்கிறது. அதையும் சில நிறுவனங்கள் தலைக்கு இவ்வளவு, ஒவ்வொரு வழிக்கும் இவ்வளவு என்று போடுகின்றன. நாலு பேர் குடும்பம் போய்த் திரும்ப எடுத்தால் ஒரே கார்டு, ஒரே ஓடிபி, வசதிக் கட்டணம் மட்டும் எட்டு.

தனித்தனியாகக் காசு வாங்குவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. 2003-ல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கான் என்ற மலிவு விலை விமான நிறுவனத்தைத் தொடங்கியபோது சாப்பாடு இலவசமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். சில சீட்டுகளை ஒரு ரூபாய்க்கு விற்று, விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்தவர்களை உள்ளே உட்கார வைத்தார். வேண்டியவர்கள் வாங்கிச் சாப்பிட்டார்கள், மற்றவர்கள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

இப்போது நடப்பது வேறு. சமீபத்தில் மதுரை விமான நிலையத்தில் எனக்கு முன்னால் ஒரு வயதான தம்பதி நின்றார்கள். உசிலம்பட்டிப் பக்கம். பெங்களூரில் மகளுக்குப் பிரசவ நேரம். மருமகன் மொபைலில் டிக்கெட் போட்டிருக்கிறார். இருப்பதிலேயே மலிவானது எதுவோ அது. அது கைப்பையோடு மட்டும் போகிற டிக்கெட் என்பது கவுன்ட்டரில் வந்துதான் இவர்களுக்குத் தெரிந்தது. பெட்டிக்குக் கேட்ட தொகை டிக்கெட் விலையில் பாதிக்கு மேல். “பெட்டி இல்லாம பேறுகாலத்துக்கு எப்படிம்மா போறது?” என்று பெரியவர் கேட்கிறார். கவுன்ட்டரில் இருந்த பெண் என்ன செய்வாள், திரையைத் திருப்பிக் காட்டினாள். அந்த அம்மா தரையிலேயே உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். கருப்பட்டி, பேறுகால மருந்து, குழந்தைக்கென்று துவைத்து மடித்த பழைய வேட்டித் துணி எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. யாரோ இரண்டு கட்டைப்பை கொடுத்தார்கள். ஆளுக்கு ஏழு கிலோ கையில் கொண்டுபோகலாம் என்பதால் முக்கால்வாசி சாமான் தப்பித்தது. நெய் பாட்டிலையும் காலிப் பெட்டியையும், தங்களைக் கொண்டுவந்து விட்ட கார் டிரைவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

பெட்டி இல்லாத டிக்கெட்டைத் தள்ளுபடியில் விற்க 2021 பிப்ரவரியில் டிஜிசிஏ, அதாவது விமான நிறுவனங்களைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு, அனுமதி கொடுத்தது. சட்டப்படி சரி. ஆனால் தேடியதும் முதலில் கண்ணில் படுவது இந்த விலைதான். 15 கிலோ பெட்டியோடு போனால் எவ்வளவு என்பதையும் அதன் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போட என்ன தடை?

விதியே இல்லை என்றும் சொல்ல முடியாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் இணையதளத் தந்திரங்களுக்கு எதிராக வழிகாட்டு நெறிமுறைகள் கொண்டுவந்தது. மொத்தம் 13 வகைத் தந்திரங்கள். கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, விலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுவது எல்லாம் அதில் உண்டு. விமான டிக்கெட்டில் இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்பவரை “பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்” என்ற பட்டனை அழுத்த வைப்பதை உதாரணமாகவே எழுதியிருக்கிறார்கள். அதே சாயலில் ஒரு பட்டனை நான் போன வாரம்கூடப் பார்த்தேன்.

என்னை அதிகம் எரிச்சலூட்டியது ரீஃபண்ட் விவகாரம். வீட்டில் ஒரு துக்கம், டிக்கெட் எடுத்தும் போக முடியவில்லை. டிஜிசிஏ விதிப்படி நாம் ரத்து செய்தாலும் சரி, போகாமலே விட்டாலும் சரி, வரிகளையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும். ‘ரீஃபண்ட் கிடையாது’ என்று விற்ற சலுகை டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். ரத்துக் கட்டணமும் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் இரண்டும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. நான் எழுதிக் கேட்டதற்கு, “இது ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்” என்று இரண்டு வரியில் பதில் வந்தது. விதியைச் சுட்டிக்காட்டி மறுபடி எழுதினேன். மறுபேச்சில்லாமல் பணம் வந்துவிட்டது. அப்படியானால் விதி அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. கேட்டவருக்குக் கொடுத்தால் போதும் என்று இருக்கிறார்கள். விமானம் ஏறாத ஆள் யார் என்பது அவர்கள் கம்ப்யூட்டருக்கு அந்த நிமிடமே தெரியும். வரித் தொகையைத் தானாகவே திருப்பி அனுப்ப ஒரு மனு எதற்கு?

அரசு கண்டிப்பாக இருந்தால் நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. கவுன்ட்டரில் போர்டிங் பாஸ் கொடுக்க 200 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்படி வாங்கக் கூடாது என்று 2022 ஜூலையில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் சொன்னது. 12 வயது வரையுள்ள குழந்தையை அதே டிக்கெட்டில் வரும் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது உட்கார வைக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் டிஜிசிஏ உத்தரவு போட்டது. இது தெரியாமல் இன்னும் எத்தனையோ பேர் குழந்தையைத் தனியே விட பயந்து சீட்டுக்குக் காசு கட்டுகிறார்கள்.

தீபாவளி, பொங்கல் முன்பதிவு சூடு பிடிப்பதற்குள் இந்த விதிகளை உங்கள் நாளிதழில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட முடியுமா? புகார் செய்ய, விமானப் பயணிகளுக்கான அரசின் ஏர்சேவா இணையதளமும், நுகர்வோர் உதவி எண் 1915-ம் இருப்பதையும் கூடவே சேர்த்துக்கொள்ளுங்கள். வெட்டி வைத்துக்கொண்டு கவுன்ட்டரில் காட்டலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை.