சூப்பர்மேனின் பெற்றோரைப் பற்றி நம்பிக்கு

பாளையங்கோட்டை
28.9.2025

அன்புள்ள நம்பி,

உன் கடிதம் கிடைத்தது. நான்கு பக்கங்களில் மூன்றைச் சூப்பர்மேனைத் திட்டுவதற்கே செலவழித்துவிட்டு, மகளின் கல்யாணப் பேச்சைக் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் இரண்டு வரிகளில் எழுதியிருக்கிறாய். அதிலிருந்தே உன் கோபத்தின் அளவு எனக்கு விளங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் அம்பாசமுத்திரத்துக்காரர்கள் என்றால் விசாரித்துச் சொல்ல இங்கே ஆள் உண்டு. அதைப் போனில் பேசிக்கொள்வோம். இந்தக் கடிதத்தை முழுவதும் படத்துக்கே ஒதுக்குகிறேன்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் முடிந்த கையோடு, ஜூலை 11 அன்று படம் இங்கேயும் வந்துவிட்டது. நீ மும்பையில் பெரிய திரையில் ஆங்கிலத்தில் பார்த்தாய். நான் ஒரு பக்கம் மருமகனும் மறுபக்கம் பேரனுமாக உட்கார்ந்து, ஜங்ஷன் பக்கத்துத் தியேட்டரில் தமிழ்க் குரலில் பார்த்தேன். டப்பிங் ஒன்றும் மோசமில்லை. வில்லன் லூத்தருக்குக் குரல் கொடுத்தவர் மட்டும் வாய்க்கு வாய் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தார். முத்தக் காட்சியில் தணிக்கையின் கத்தரி விழுந்ததைப் பற்றி நீ பொருமியிருக்கிறாய். பேரனைப் பக்கத்தில் வைத்திருந்த தாத்தாவுக்கு அதில் புகார் இல்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

உன் வாதம் இதுதானே? 1978-இல் ரிச்சர்ட் டானர் எடுத்த படத்தில், அழிந்துகொண்டிருக்கும் கிரிப்டான் கிரகத்திலிருந்து குழந்தை சூப்பர்மேனை அனுப்பிவைக்கும் தகப்பன் ஜோர்-எல், பூமியில் வாழ்பவர்களுக்கு வழிகாட்டத்தான் தன் ஒரே மகனைக் கொடுப்பதாகச் சொல்கிறார். மார்லன் பிராண்டோவின் முகத்தில் அதைப் பார்த்துவிட்டு, கிறிஸ்டோபர் ரீவ் பறந்ததில் வாய் பிளந்து நின்ற நமக்கு, ஜேம்ஸ் கன்னின் புதிய படம் அதே தகப்பனையும் தாயையும் வேறு ஆட்களாக்கிவிட்டது. பாதி சிதைந்துபோயிருந்த அவர்களுடைய செய்தியை லூத்தரின் ஆட்கள் மீட்டெடுத்ததும், அங்குள்ள மக்கள் எளியவர்கள், இரக்கமில்லாமல் அவர்களை ஆள், மனைவியர் பலரைக் கொண்டு நம் குலத்தைப் பெருக்கு என்பதாக மீதிப் பாதி வெளிவருகிறது. பெற்றவர்களை இப்படிக் காட்டியது பெரும் அபசாரம் என்கிறாய். ரீபூட் என்ற பெயரில் பெயிண்டை மாற்றலாம், அஸ்திவாரத்தில் கை வைக்கலாமா என்கிறாய். அந்தச் செய்தி லூத்தர் இட்டுக்கட்டிய பொய் என்று கடைசியில் தெரியவரும் எனக் காத்திருந்து ஏமாந்ததாகவும் எழுதியிருக்கிறாய். நானும்தான் காத்திருந்தேன். பேரனுக்கு அந்தக் கவலையே இல்லை. படத்தில் வந்த நாய் மறுபடியும் எப்போது வரும் என்பதுதான் அவன் கவலை.

ஆனால் அந்தச் செய்தி பொய்யாகியிருந்தால் இந்தப் படத்தை நான் இரண்டாம் முறை போய்ப் பார்த்திருக்க மாட்டேன்.

1938-இல் முதன்முதலாக அச்சில் வந்த ஒரு நாயகனை, எல்லோருக்கும் கதை தெரிந்த ஒருவனை, மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வருகிறவருக்கு இரண்டே வழிகள்தான் இருக்கின்றன. தெரிந்த கதையை இன்னும் பெரிதாக, இன்னும் சத்தமாகச் சொல்வது ஒன்று. 2013-இல் ஸாக் ஸ்னைடர் செய்தது அதுவே என்பது என் எண்ணம். அந்தப் படத்தில் கிரிப்டான் அழிவதையே தனிப்படம் போல் பார்த்தோம், நகரமும் இடிந்தது, கடைசியில் சூப்பர்மேனான ஹென்றி கேவில் வில்லன் ஸாடின் கழுத்தை முறித்தபோது நீயும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மற்றொரு வழி, முன்பு சொன்னவர்கள் யாரும் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியைக் கேட்பது. கன் இந்த இரண்டாவது வழியை எடுத்தார். அதனால்தான் அவர் கிரிப்டான் வெடிப்பதையும் விண்கலம் வயலில் விழுவதையும் காட்டவே இல்லை. முந்நூறு ஆண்டுகள், முப்பது ஆண்டுகள், மூன்று ஆண்டுகள், மூன்று வாரங்கள் என்று சில எழுத்து வரிகளில் இறங்கி வந்து, மூன்று நிமிடங்களுக்கு முன் வாழ்க்கையில் முதன்முறையாகத் தோற்றவனை அண்டார்டிகாவின் பனியில் தொப்பென்று போடுகிறார். நாயகன் முழு உடையில் தோன்ற டானர் எடுத்துக்கொண்ட முக்கால் மணி நேரத்துக்கும் மேலான பொழுது இங்கே மிச்சமாகிறது. அந்த மிச்சத்தை அவர் எங்கே செலவழித்தார் என்று பார்த்தாயா?

சூப்பர்மேனின் காதலியான பத்திரிகைக்காரி லோயிஸின் வீட்டுக் காட்சியில். படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்; அதில் ஒருவரும் ஒருவரையும் அடிக்கவில்லை. காலைப் பலகாரத்தை இரவுச் சாப்பாடாகச் சமைத்துக்கொண்டு காதலியின் வீட்டில் காத்திருப்பவன், கிளார்க் என்ற பெயரில் நிருபராக இருந்துகொண்டு தன்னைத் தானே பேட்டி எடுத்துப் பத்திரிகையில் பெயர் வாங்கிக்கொண்டிருப்பவன், அவள் பேட்டி எடுக்கிறேன் என்றதும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறான். ஒலிப்பதிவுக் கருவி ஓடத் தொடங்கியதும் அவள் காதலியாக இல்லை. போராவியா என்ற நாடு ஜார்ஹன்பூர் என்ற நாட்டின் மீது படையெடுத்ததைத் தடுத்தாயே, யாரைக் கலந்துகொண்டு தடுத்தாய்? போராவியா அமெரிக்காவின் நட்பு நாடு, நீ அமெரிக்காவின் சார்பில் நடந்துகொண்டதாக உலகம் நினைக்காதா? அந்த நாட்டின் அதிபரைப் பாலைவனத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கள்ளிச் செடியில் சாய்த்து மிரட்டியது சரியா? முதல் கேள்விக்கு மழுப்புகிறான், அடுத்ததற்கு எரிச்சலாகிறான், பிறகு மக்கள் சாகவிருந்தார்கள் என்று கத்துகிறான். சூப்பர்மேனாக வரும் டேவிட் காரன்ஸ்வெட்டின் முகத்தைக் கவனி: சொல்வது சரிதான் என்ற நம்பிக்கையும் அதை விளக்கத் தெரியாத பிள்ளையின் தவிப்பும் சேர்ந்தே தெரிகின்றன. லோயிஸாக வரும் ரேச்சல் பிராஸ்னஹான் குரலை உயர்த்தாமலே அவனை மூலைக்குத் தள்ளுகிறார். ரீவின் சூப்பர்மேனிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அவனுடைய நோக்கத்துக்குப் பிராண்டோவே சாட்சியாக நின்றார்.

புதியவனும் அப்படி ஒரு சாட்சி இருப்பதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தான். தொடக்கத்தில், அடிபட்டுப் பனிக்கோட்டைக்கு வந்தவனை ரோபோக்கள் சூரிய ஒளியில் கிடத்திவிட்டு, அவன் மனம் ஆறட்டும் என்று பெற்றோரின் செய்தியைப் போட்டுக் காட்டுகின்றன. கேட்டுக் கேட்டு மனப்பாடமான அந்தப் பாதியின் மேல்தான் அவன் தன் நல்லவன் என்ற எண்ணத்தையே கட்டியிருக்கிறான். லூத்தர் பறிப்பது அதை. செய்தி உண்மையானதுதான் என்று உறுதியான பிறகு, நேற்றுவரை கைதட்டிய ஊர் அவனை வேற்றுக்கிரகத்து வேந்தன் என்று ஏசுகிறது. அவனுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிடுகிறது. இதைக் கடைசியில் பொய் என்று சொல்லி ஆற்றிவிட்டால் அவன் எதை வென்றதாக ஆகும்? நல்ல குலத்தில் பிறந்தவன் நல்லவனாக இருந்தான் என்ற பழைய கதைதான் மிஞ்சும்.

நம் பக்கத்தில் பிறந்த நீ இதற்குப் போய்க் கோபப்படுவதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. ஆடியில் எங்கள் ஊர்க் கோயில் கொடைக்கு வந்த வில்லிசைப் புலவர், வீசுகோலை ஓங்கிச் சுடலைமாடன் பிறப்பைத் தொடங்கியபோது, படம் பார்த்து ஒரு மாதம்கூட ஆகாததால் எனக்கு இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. விளக்குச் சுடரிலிருந்து பார்வதி பெற்ற பிள்ளை, இரவில் தொட்டிலிலிருந்து இறங்கிப்போய்ச் சுடுகாட்டில் பிணம் தின்கிறது. பிணம் தின்ற பிள்ளையைக் கயிலாயத்தில் வைத்திருக்க முடியாது என்று சிவன் பூலோகத்துக்கு அனுப்பிவிடுகிறார். அனுப்பியவர்கள் பெருமையோடு அனுப்பவில்லை, வந்தவனும் அருள் வழியும் முகத்தோடு வரவில்லை. ஆனாலும் ஊருக்கும் சுடுகாட்டுக்கும் காவல் அவர்தான். பயந்துகொண்டே நம்புகிறோம், நம்பிக்கொண்டே பெயர் வைக்கிறோம். என்னை நீ கூப்பிடும்போதெல்லாம் அவர் பெயரைச் சொல்லித்தானே கூப்பிடுகிறாய்? அந்த இடத்தைப் புலவர் நாசூக்காகத் தாண்டிப் போகப் பார்த்தால் முன்வரிசைப் பெரியவர்கள் விடுவதில்லை. குடம் அடிப்பவர் வேகமெடுப்பதும் அங்கேதான். பிறப்பில் இருக்கும் அந்தக் கரியை மறைத்துவிட்டுக் காவலின் பெருமையை மட்டும் பாடினால் அந்தக் கதையை யாரும் ஏற்றுக்கொள்வதில்லை.

போகட்டும், சாமியை விடு. சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸில் நாம் போட்டி போட்டுப் படித்த ஸ்பைடர் (வலை வீசிப் பறக்கும் அமெரிக்கப் பையன் இல்லை, கூர்ங்காது வைத்த நம் ஸ்பைடர்) குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாக வேண்டும் என்றுதானே முதலில் கிளம்பினான்? அவன் நீதியின் பக்கம் திரும்பியபோது நீ அபசாரம் என்று சொல்லவில்லை. புத்தகம் வருகிற தேதியைக் கேட்டுக் கடைக்காரரை நச்சரித்துக்கொண்டிருந்தாய்.

கான்சாஸ் காட்சிக்கு வருகிறேன். உனக்கு அது பிடித்திருந்தது என்று ஒரே வரியில் எழுதியிருந்தாலும், அதன் கனத்துக்கு அந்த ஒரு வரி போதாது. முந்தைய படங்களில் அவனைக் கான்சாஸில் வளர்த்த தகப்பன் ஜோனதன் கென்ட் ஏதாவது ஒரு விதத்தில் இறந்து மகனுக்குப் பாடமாக வேண்டியிருந்தது. 2013-இல் கெவின் காஸ்ட்னர் சூறாவளியில் நின்றுகொண்டு, காப்பாற்ற வராதே என்று மகனுக்குக் கை காட்டினார். இந்தப் படத்தில் அவர் உயிரோடு இருக்கிறார், கொஞ்சம் தொப்பையோடு, பேசத் திணறும் பழைய விவசாயியாக. புரூயிட் டெய்லர் வின்ஸ் என்ற நடிகர். உடைந்துபோய் வந்த மகனிடம், நீ யாராக இருக்க வேண்டும் என்று சொல்வது பெற்றவர் வேலை இல்லை, நீ எடுக்கும் முடிவுகளும் செய்யும் செயல்களும்தான் உன்னை ஆக்குகின்றன என்ற பொருளில் அவர் பேசும்போது, சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்குமுன் அவருக்கே கண் கலங்கிவிடுகிறது. வானத்திலிருந்து பளிங்குக் குரலில் பேசிய தகப்பன்மார்களைப் பார்த்த நமக்கு, திக்கித் திக்கிப் பேசும் தகப்பன் ஒருவரைத் தந்ததற்காகவே இந்தப் படத்தை நான் மன்னிப்பேன். கடைசியில் ரோபோக்கள் மறுபடியும் அவனைச் சூரிய ஒளியில் கிடத்தும்போது ஓடுவது கிரிப்டான் செய்தி இல்லை. கான்சாஸ் வீட்டில் எடுத்த ஆட்டம் காணும் வீடியோதான். தொடக்கத்திலேயே பாதிச் செய்தியைக் காட்டிவைத்ததற்கான கணக்கு அங்கே தீர்கிறது.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. ஆட்கள் மிக அதிகம். கிண்ணத்தைக் கவிழ்த்தது போன்ற தலைமுடியோடு திரியும் கிரீன் லான்டர்னும் ஹாக்கேர்ளும் மிஸ்டர் டெரிஃபிக்கும் எலமென்ட் மனிதனும் ஒரே படத்துக்குள் நெரிசல்படுகிறார்கள். அவர்களில் எடி கத்தேகி நடித்த டெரிஃபிக் மட்டும் தன் இடத்தைச் சம்பாதித்துக்கொள்கிறார். நகரம் இரண்டாகப் பிளப்பது, தன் உருவத்தையே கொண்ட எதிரியோடு மோதுவது எல்லாம் எங்கோ பார்த்தவை. முதல் பாதியில் அவ்வளவு கூர்மையாக இருந்த லோயிஸ், பின்பாதியில் பறக்கும் கலத்தை ஓட்டுவதோடு ஒதுங்கிவிடுகிறாள். நகரமே இடிந்துகொண்டிருக்கும்போது அணிலைக் காப்பாற்றுவது சிறுபிள்ளைத்தனம் என்று நீ சொன்னதை மட்டும் ஏற்க மாட்டேன். அணிலுக்கு நேரம் ஒதுக்குகிறவன் என்பதுதானே அவனுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வித்தியாசம்.

நிக்கோலஸ் ஹோல்ட்டின் லூத்தரைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. தான் கைகூட நீட்டாமல், எண்ணையும் எழுத்தையும் கூவிக் கூவியே அடியாளை இயக்குகிறான். வேற்றுலகம் ஒன்றில் குரங்குகளை வரிசையாக உட்காரவைத்து, சூப்பர்மேன் மேல் வசைகளைத் தட்டச்சு செய்ய வைக்கிறான். குரங்குகளைக் கண்டதும் மருமகன் தன் செல்போனைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் மாலிக் அலியின் காட்சியில் தியேட்டரில் ஒரு சத்தமும் இல்லை. பள்ளத்தில் கிடந்த சூப்பர்மேனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்ட ஃபலாஃபல் கடைக்காரர் அவர். கண்ணாடிக் கூண்டுக்குள் செயலற்றுக் கிடப்பவனின் கண்முன்னே, அவர் தலையில் துப்பாக்கியை வைத்து லூத்தர் விளையாடுகிறான். அவர் பிழைத்துக்கொள்வார் என்றுதான் நான் நினைத்தேன். நடித்தவர் பெயர் தினேஷ் தியாகராஜன் என்று அறிந்து மருமகன் நம்மவராக இருக்கும் என்றார். உலகத்தைக் காப்பவனுக்குக் கை கொடுத்த ஒரே குற்றத்துக்காகச் சாகிற அந்த மனிதருக்குப் படம் இன்னும் இரண்டு நிமிடம் துக்கம் காத்திருக்கலாம். அடுத்த சண்டைக்கு அவ்வளவு அவசரம் ஏன் என்று தெரியவில்லை.

இந்த மாதத் தொடக்கத்தில் கன் அடுத்த படத்தையும் அறிவித்துவிட்டாரே, 2027 ஜூலையில் வருகிறதாம், சூப்பர்மேனும் லூத்தரும் சேர்ந்து நிற்க வேண்டியிருக்குமாம். என் அச்சமெல்லாம் உன்னைப் போன்ற ரசிகர்களின் கூச்சலைப் பற்றித்தான். அந்தச் செய்தி திரிக்கப்பட்டது, ஜோர்-எல் உத்தமர்தான் என்று ஸ்டூடியோ ஒரு காட்சியை ஒட்டவைத்து உங்களைச் சமாதானப்படுத்திவிட்டால், இந்தப் படத்தில் கிளார்க் பட்ட பாடெல்லாம் வீண். அப்படி நடந்தால் மூன்று பக்கம் திட்டி எழுதுவது என் முறை.

தீபாவளிக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். டிக்கெட் எடுத்துவிட்டாயா, இல்லை வழக்கம்போல் கடைசி நேரத்தில்தானா? வரும்போது 1978 படத்தின் டிஸ்க்கைக் கொண்டு வா. பேரனுக்குப் போட்டுக் காட்டி, அவன் எந்தத் தகப்பனைத் தேர்ந்தெடுக்கிறான் என்று கேட்போம். நாயைத் தேர்ந்தெடுத்தால் இருவரும் பேசாமல் இருந்துவிடுவோம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். அம்பாசமுத்திர விஷயத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் விசாரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
சுடலைமுத்து