மீள்வது வேறு, வேதியியல் வேறு

ஆசிரியருக்கு,

பழைய நிலைக்குத் திரும்பினால் இயற்பியல் மாற்றம், திரும்பாவிட்டால் வேதியியல் மாற்றம் என்று தங்கள் மாணவர் பகுதியில் வந்த வரி மனப்பாடத்துக்கு வசதியானது. ஆனால் தவறு. கேட்க வேண்டியது ஒன்றே: புதிய பொருள் உண்டானதா?

சாம்பார் சிந்திய வெள்ளைச் சட்டைக்குச் சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சிவக்கிறது. சோப்பின் காரம் மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற நிறப்பொருளோடு வினைபுரிகிறது. எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சள். வேதியியல் மாற்றம்தான், ஆனால் மீள்கிறது.

சேலத்துக் கொலுசு இன்னும் நல்ல சாட்சி. கறுப்பாகப் படிவது அழுக்கல்ல, வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த சில்வர் சல்பைடு. பவுடர் போட்டுத் தேய்த்தால் அதிலுள்ள வெள்ளியும் சேர்ந்தே தேய்ந்து போகும். மாறாக, பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசை அதன்மேல் வைத்து, ஒரு லிட்டர் கொதிநீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவும் ஒரு தேக்கரண்டி உப்பும் கரைத்து ஊற்றுங்கள். அலுமினியம் தரும் எலக்ட்ரானை வாங்கிச் சல்பைடு மறுபடி வெள்ளியாகிறது. பிரிந்த கந்தகம் அழுகிய முட்டை வாடையாய் வரும், ஜன்னல் திறந்திருக்கட்டும். கொலுசு தாளைத் தொடாவிட்டால் எலக்ட்ரான் போக வழியில்லை, கறுப்பு அப்படியே இருக்கும். இனாமல் பூசியதையும் கல் பதித்ததையும் இதில் போடாதீர்கள்.

இதற்கு நேர் எதிர் ஜவ்வரிசி. குச்சிக்கிழங்கை அரைத்து, பாலை வடிகட்டி, தொட்டியில் மாவைத் தெளியவிடுவது வரை வெறும் பிரித்தெடுத்தல். உருட்டிய மணி சூடேறும்போது, சுமார் 60 முதல் 70 டிகிரியில், மாவுத்துகள் ஈரத்தை இழுத்து உப்பிப் பசையாகிறது. மாவுச்சத்தின் மூலக்கூறு அதேதான், அடுக்கு மட்டும் கலைந்துவிட்டது. ஆனாலும் அந்த மணியைப் பழைய மாவாக்க முடியாது. சூடு மிஞ்சி மணி பழுப்பேறினால் மட்டும் கதை வேறு, அங்கே மாவுச்சத்தே சிதைகிறது. ஏற்காட்டுக் காப்பிக்கொட்டையை வறுப்பது வேதியியல், அரைப்பது இயற்பியல். இரண்டுமே மீளாதவை!

தராசும் உதவும், கொஞ்சம் கவனத்தோடு. வெள்ளைக்கல் என்று நாம் சொல்லும் மேக்னசைட்டை உடைத்தால் 100 கிலோவும் 100 கிலோதான். தூய கல்லைச் சூளையில் முழுதாகச் சுட்டால் சுமார் 48 கிலோ மக்னீசியா, அதாவது மக்னீசியம் ஆக்சைடு, மிஞ்சும், மீதி 52 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். ஆனால் ஈர மாவு காயும்போதும் எடை குறைகிறதே? அங்கே போனது ஏற்கெனவே இருந்த தண்ணீர். எவ்வளவு குறைந்தது என்பதோடு எது போனது என்றும் பார்க்க வேண்டும்.

திருத்தம் வெளியிடும்போது, குமிழி வந்தாலே வேதியியல் என்ற அடுத்த வரியையும் கவனியுங்கள். சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குவது, அழுத்தத்தில் கரைந்திருந்த வாயு வெளியேறுவதுதான்.

வேதியியல் ஆசிரியர்கள் இருவர்,
செவ்வாய்பேட்டை, சேலம்